கூட்டிக்கினு போவணும்

அறுபதை எட்டிக்கொண்டிருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சின்ன வயதில் பெரியவர்கள் நம் தலைக்கு மேலே நின்று பேசி முடிவு செய்ததையெல்லாம் இப்போது எடுத்துப் பார்த்து, கோபமில்லாமல் சிரிக்கலாம். அப்போது அவர்கள் எவ்வளவு சின்னவர்களாக இருந்தார்கள் என்பதும் கூடவே உறைக்கும். நான் சொல்லப்போகிற வருஷத்தில் எங்கள் பி.டி. டீச்சருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. ஆனால் அவர் வாயிலிருந்து எது வந்தாலும் எங்களுக்கு அது சட்டம்.

அந்த வருஷம்தான் மலையக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்களுக்கு வடக்கனந்தல். கரும்பு, நெல், இரண்டு ஜோடி மாடு. மலைமேல் கரியாலூர்ப் பக்கத்திலிருந்து சந்தைக்குப் புளியும் தேனும் கொண்டுவருகிற ஒருவர் அப்பாவுக்குப் பழக்கம். நான் அவரை மலை மாமா என்பேன். மலையில் எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது, பெண்ணை உங்கள் வீட்டில் விட்டுப் படிக்கவைக்கலாமா என்று அவர் கேட்டபோது, அப்பா அம்மாவைக் கேட்காமலேயே சரி என்று சொல்லிவிட்டார். அம்மா அதற்காக இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. மூன்றாவது நாள் அக்கா தகரப் பெட்டியோடு வந்து இறங்கியதும், அவளுக்குத் தலை பின்னிவிட உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா கொஞ்சம் குள்ளம். கெண்டைக்கால் மட்டும் உருட்டிவைத்த மாதிரி இருக்கும். நடந்தாள் என்றால் நாங்கள் ஓடவேண்டும். கள்ளக்குறிச்சியில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அவளை ஒன்பதாவதில் சேர்த்தார்கள். நான் எட்டாவது. தினமும் டவுன் பஸ்ஸில் போய் வருவோம்.

அந்தப் பஸ்ஸை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக நிற்பதைக் கண்டால் டிரைவருக்குக் கண் தெரியாமல் போய்விடும். ஒருநாள் அப்படித்தான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அன்றைக்கு எனக்குக் கணக்குப் பரீட்சை. நான் அழ ஆரம்பித்தேன். அக்கா தன் புத்தகப் பையை என் கழுத்தில் மாட்டினாள். பாவாடையைத் தூக்கிச் செருகினாள். ரோடு அங்கே ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும். ஏரியில் தண்ணீர் இல்லை. கருவேல முள் வேலி ஒன்று இருந்தது, அதை ஒரே தாவாகத் தாண்டி, வெடித்துக் கிடந்த ஏரிக்குள் இறங்கி ஓடினாள். நாங்கள் வேலியைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே ஓடினோம். அவள் அக்கரையில் ஏறி அடுத்த நிறுத்தத்தில் நின்று கை காட்டுவது எங்களுக்குச் சின்னதாகத் தெரிந்தது.

நாங்கள் போய்ச் சேரும்வரை அவள் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றிருக்கிறாள். கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். அவள் ஒரே பதிலைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாளாம்.

"பின்னாடி பொண்ணுங்க வந்துக்கினு இருக்காங்க."

ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் பி.டி. டீச்சர். அவர் எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அன்று சாயந்திரமே அக்காவை மைதானத்துக்குக் கூப்பிட்டார். தனியாகப் போகக் கூச்சப்பட்டு அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கோ-கோ டீமுக்கு ஆள் போதாமல் இருந்ததால் என்னையும் அதில் போட்டுவிட்டார்கள். என் விளையாட்டு வாழ்க்கை இப்படித்தான் தொடங்கியது.

அக்காவுக்கு எல்லாமே வந்தது. ஓட்டம் வந்தது. ஈட்டி எறிதல் வந்தது. ஈட்டி என்று பெயர்தான், மூங்கில் கழியின் நுனியில் கொல்லர் அடித்துக் கொடுத்த இரும்பு. த்ரோபாலில் அவள் எறிந்தால் பந்தைப் பிடிக்கிறவளின் உள்ளங்கை சிவந்துவிடும். கோ-கோவில் அவள் கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது காதுக்குப் பக்கத்தில் புடவை கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும், அது அவள் குதிகால் மண்ணைக் கீறுகிற சத்தம். உயரம் தாண்டுவது மட்டும் வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். ஆள் உயரம் கம்மி, அது வராது என்றார். அக்கா சரி டீச்சர் என்று கேட்டுக்கொண்டாள். அப்புறம் டீச்சர் வீட்டுக்குப் போனதும், இரண்டு சவுக்குக் கம்புக்கு நடுவில் கயிறு கட்டி, வேலியைத் தாண்டுகிற மாதிரி தாண்டிப் பார்த்தாள். விழுகிற இடத்தில் மணலும், எங்கள் வயலிலிருந்து கட்டிக்கொண்டு வந்த கரும்புச் சோகையும் பரப்பியிருந்தோம். காய்ந்த சோகை இலை கையையெல்லாம் அறுக்கும். கூடவே இனிப்பாக ஒரு வாசனை வரும். எந்தக் கரும்புக் கட்டைப் பார்த்தாலும் இப்போதும் எனக்கு முதலில் அக்கா மல்லாக்க விழுந்து கிடக்கிற காட்சிதான் வருகிறது. ஒரு வாரம் கழித்து டீச்சர் இதைப் பார்த்துவிட்டார். கயிற்றை ஒரு சாண் ஏற்றிக் கட்டினார்.

அடுத்தது உடுப்புப் பிரச்சினை. பாவாடை தாவணியோடு ஈட்டி எறியலாம், உயரம் தாண்ட முடியாது. முட்டிக்கு மேலே நிற்கிற நிக்கர் வேண்டும் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். எங்கள் ஊர் டெய்லர் பெரிய பெண்ணுக்கு நிக்கர் தைக்கமாட்டேன் என்று திருப்பியனுப்பிவிட்டார். அம்மா தன்னுடைய கருநீல உள்பாவாடையை எடுத்து, தன் தையல் மிஷினில் உட்கார்ந்து, இரண்டு தடவை பிரித்துத் தைத்து ஒன்றை உருவாக்கினாள். அக்கா அதைப் போட்டுக்கொண்டு வாசலில் குதித்துப் பார்த்தபோது எதிர்வீட்டு அத்தை வந்து, வளர்ந்த பெண் இப்படித் தொடை தெரிய ஓடலாமா, அதுவும் அடுத்த வீட்டுப் பெண்ணை வைத்துக்கொண்டு, என்று நீட்டி முழக்கினார். அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்:

"ஓடுறவளுக்குக் காலப் பாக்கணும். நீ இன்னாத்துக்குத் தொடையப் பாக்குற?"

அம்மா அக்காவின் பக்கம் சேர்ந்துவிட்டாள் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. அப்பாவுக்கு வேறு ஒரு கவலை. ஓடினால் உடம்பு சூடாகிவிடும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. வட்டார விளையாட்டுப் போட்டி நடந்த நாள் காலையில் அக்காவுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றச் சொல்லிவிட்டார். எண்ணெய் முழுக்கு முடிந்து மைதானத்துக்கு வந்த அக்கா, வேப்பமரத்தடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் நாங்கள் உலுக்கி எழுப்புவோம். எழுந்து போவாள், ஜெயிப்பாள், வந்து படுத்துக்கொள்வாள். அவள் ஜெயித்ததற்கு எண்ணெய்தான் காரணம் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதெல்லாம் பரிசு என்றால் எவர்சில்வர் டம்ளர், சோப்பு டப்பா, பிளாஸ்டிக் கூடை. முதல் பரிசு என்று டம்ளரில் புள்ளி புள்ளியாகப் பொறித்திருப்பார்கள். அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் பரிசில்தான் தண்ணீர் குடித்தார்கள். அதில் ஒன்றுகூட இன்று இல்லை. பின்னாளில் பழைய பாத்திரத்துக்குப் போட்டு அம்மா ஒரு அண்டா வாங்கிவிட்டாள்.

அடுத்தது மாவட்டப் போட்டி. மாவட்டம் பிரிக்கப்படாத காலம், கடலூர்தான் எங்களுக்கு எல்லாம். அக்காவுக்குத் தனிப் போட்டிகளில் நானூறு மீட்டர் ஓட்டம், ஈட்டி, உயரம் தாண்டுதல். அதுபோக கோ-கோ. மலையில் சாமை அறுக்கிற சமயம் அது. போட்டிக்குச் சில நாள் இருக்கும்போது, மலையிலிருந்து சந்தைக்குச் சரக்கு ஏற்றிவருகிற ஜீப் டிரைவர் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை, இன்ஜினையும் அணைக்கவில்லை. அந்த இரைச்சலுக்கு மேலே அப்பாவிடம் கத்திச் சொன்னார்.

"பொண்ணோட அப்பா சொல்லியனுப்பிச்சாருங்க. கூட்டிக்கினு போவணுமாம். பந்தயத்துக்கு மொத நாளே வந்துர்றேன்னாரு."

இவ்வளவுதான். ஜீப் போய்விட்டது.

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எங்கள் பெரியவர்கள் கட்டிய கோட்டையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. பெண்ணை அறுவடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார் என்றார் அப்பா. அறுவடைக்குப் போய்ப் பந்தயத்துக்கு முதல் நாள் எதற்கு வரவேண்டும், இது கல்யாணம்தான் என்றார் பி.டி. டீச்சர். அவர் தங்கையின் படிப்பு அப்படித்தான் பாதியில் நின்றதாம். தலைமையாசிரியைக்கும் அதே சந்தேகம். மலை மாமா வந்தால் அக்காவுக்குக் கள்ளக்குறிச்சியில் பரீட்சை நடக்கிறது, அதனால் பந்தயத்துக்குப் போகவில்லை, டீச்சர் வீட்டில் தங்கிப் படிக்கிறாள், இப்போது பார்க்க முடியாது என்று சொல்லிவிடுவது என்று முடிவானது. அக்கா தன் உடுப்பை ஒரு மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனாள். ஏன் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. பை வாயைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

சொன்னபடி மாமா பந்தயத்துக்கு முதல் நாள் மத்தியானம் வந்தார். தோளில் ஒரு பை சாமை, கையில் தேன் பாட்டில். புதுச் சட்டை போட்டிருந்தார், மடிப்புக்கூடக் கலையவில்லை. அப்பா பரீட்சைக் கதையைச் சொன்னார். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லும்போது மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மாமா கேட்டுக்கொண்டார். பரீட்சை என்றால் தொந்தரவு செய்யவேண்டாம், நான் சாயந்திர ஜீப்பில் திரும்பிவிடுகிறேன் என்றார். அந்தப் புதுச் சட்டையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அம்மா அவருக்கு இலை போட்டாள். சோறு வைத்தாள். குழம்பு ஊற்றப் போனவள் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"அண்ணே, பரீட்ச இல்ல. நாளைக்கிக் கடலூர்ல பந்தயம். நீங்க பொண்ண இட்டுக்கினு போயிடுவீங்கன்னு ஒளிச்சு வச்சிருக்கோம்."

அப்பா எழுந்து நின்றுவிட்டார். மாமா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"நான் எதுக்குங்க இட்டுக்கினு போறேன்? பந்தயத்தப் பாக்க வந்தேன்."

"கூட்டிக்கினு போவணும்னு சொல்லியனுப்பிச்சீங்களே?" என்றார் அப்பா.

"ஆமாங்க. என்னியக் கூட்டிக்கினு போவணும்னு. எனக்குக் கடலூருக்கு வழி தெரியாதுங்களே."

முதலில் சிரித்தது அம்மா. பிறகு அப்பா. மாமா மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் குழம்புக்காகக் காத்திருந்தார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் நான், அப்பா, மாமா மூன்று பேரும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். டீச்சருக்குச் சொல்லியனுப்ப வழியே இருக்கவில்லை. கடலூர் பஸ் வந்து நின்றதும் கூட்டம் முண்டியது. டீச்சர் எங்கள் டீமோடு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். மாமாவைக் கண்டாரோ இல்லையோ, அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார். பார்ப்பதற்கு ஒல்லியான டீச்சர், அந்த நேரத்தில் கதவு மாதிரி நின்றார்.

அக்கா டீச்சரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவள் டீச்சரின் கையை விடுவித்துக்கொண்டு தன் அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள். தலையைக் குனிந்துகொண்டாள். மாமாவுக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. அவர் அதற்குள் தன் துண்டை ஜன்னல் வழியாக வீசியிருந்தார்.

"ஏறு, ஏறு. எடம் போட்டு வச்சிருக்கன்."

உளுந்தூர்ப்பேட்டை வரைக்கும் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். அப்புறம் கட்டுச்சோற்றைப் பிரித்து, என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

கடலூரில் முதல் நாள் நானூறு மீட்டரில் அவள்தான் முதல். ஈட்டியில் மூன்றாவது. மாமா கயிற்றுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எல்லாப் போட்டியையும் ஒரே மாதிரி பார்த்தார், தன் பெண் இல்லாத போட்டியையும். அன்று சாயந்திரம் எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். கடலைப் பார்த்ததும் நாங்கள் கத்திக்கொண்டு ஓடினோம். மாமா கரையில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "மேடுமில்ல, பள்ளமுமில்ல. இதுல எப்பிடிங்க வழி கண்டுபுடிக்கிறாங்க?"

இரண்டாம் நாள்தான் சிக்கல். உயரம் தாண்டுதலும் கோ-கோ இறுதி ஆட்டமும் ஒரே நேரத்தில் வந்துவிட்டன. மைதானத்தின் ஒரு கோடியில் அது, இன்னொரு கோடியில் இது. கோ-கோவை விட்டுவிடு என்றார் டீச்சர். உயரம் தாண்டுவதிலும் முதலில் வந்தால் மாநிலத்துக்கு இரண்டு போட்டியில் போகலாம், கோ-கோவில் ஒன்பது பேரில் ஒருத்தி, உன்னை யாருக்குத் தெரியப்போகிறது என்றார். அக்கா இரண்டு கோடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மாமாவிடம் போய் ஏதோ பேசினாள்.

கோ-கோவில் ஓடுகிற முறை வரும்போது ஒன்பது பேரும் ஒன்றாக உள்ளே இறங்கமாட்டார்கள். மும்மூன்று பேராகத்தான் போவார்கள். மூன்று பேரும் பிடிபட்டபின் அடுத்த மூன்று பேர். கூப்பிடும்போது உள்ளே வராவிட்டால் அவுட். அக்கா கடைசி மூன்றில் இருந்தாள், நான் நடு மூன்றில். எதிரணியைப் பிடிக்கிற முறையில் அக்கா எங்களோடு கூடவே இருந்து, பாதிப்பேரை அவளே பிடித்தாள். கடைசியாக நாங்கள் ஓடவேண்டிய முறை. விசில் அடிப்பதற்குள் எங்கள் ஒன்பது பேரையும் பிடித்துவிட்டால் அவர்களுக்கு வெற்றி. முதல் மூன்று பேர் உள்ளே இறங்கியதுமே அக்கா மைதானத்துக்குக் குறுக்கே ஓடிவிட்டாள். இரண்டு கோடிக்கும் நடுவில் மாமா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நடு மூன்றில் ஒருத்தி மட்டும் மிச்சம் இருக்கும்போது துண்டை வீசவேண்டும், அதுதான் அவள் அவரிடம் சொல்லிவிட்டுப் போனது.

முதல் மூன்று பேர் சட்டென்று விழுந்தார்கள். நாங்கள் இறங்கினோம். என் கூட வந்த இருவரும் நான் மூச்சு வாங்குவதற்குள் போய்விட்டார்கள். ஓரக்கண்ணில் வெள்ளையாகத் துண்டு ஆடுவது தெரிந்தது. அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. வாயில் புழுதி. கம்பத்தைப் பிடித்துச் சுற்றியபோது உள்ளங்கையில் சிராய் ஏறியது. யாரோ முதுகுக்குப் பின்னால் கோ என்று கத்த, நான் கோட்டைத் தாண்டி மறுபக்கம் பாய்ந்தேன். அப்போதுதான் உயரக்கம்பத்துக்கு முன்னால் அக்கா அந்த உயரத்துக்கான கடைசி வாய்ப்புக்கு நின்றுகொண்டிருந்தாள் என்று அப்பா பிறகு சொன்னார். அவள் துண்டைப் பார்த்தாளாம். ஓடிவந்து தாண்டினாளாம். சோகை இல்லாத வெறும் மணலில் விழுந்து, கம்பு நிற்கிறதா விழுந்ததா என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் எழுந்து ஓட ஆரம்பித்தாளாம். கம்பு நின்றது.

என் தோளில் ஒரு கை பட்டது. நான் குப்புற விழுந்தேன். நிமிர்வதற்குள் என் முகத்துக்குப் பக்கத்தில் மணல் ஒட்டிய இரண்டு வெறுங்கால்கள் கடந்து உள்ளே போயின. அதற்கப்புறம் அவளை யாராலும் தொட முடியவில்லை. விசில் அடித்தபோது எதிரணிப் பெண் ஒருத்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே உயரம் தாண்டுதலில் கம்பை ஏற்றிவிட்டு அக்காவின் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆள் இல்லை. நெட்டையாக ஒரு பெண் அதைத் தாண்டி முதலிடம் வாங்கிக்கொண்டாள். டீச்சருக்கு வந்த கோபத்தில் திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்காரவே இல்லை. உன் எதிர்காலத்தை நீயே கெடுத்துக்கொண்டாய் என்றார். தலைமையாசிரியை அடுத்த வாரம் காலை வணக்கக் கூட்டத்தில் அக்காவின் தியாகத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்றை அக்கா பஸ்ஸில் என்னிடம் சொல்லியிருந்தாள்.

"எனக்குக் கோ-கோதான் புடிக்கும். ஐஜம்ப்புல தாண்டிட்டுத் தனியா வுழுந்து கெடக்கணும்."

எதிர்காலம் ஒன்றும் கெடவில்லை. நானூறு மீட்டருக்காக அவள் மாநிலப் போட்டிக்கு மெட்ராஸ் போனாள், அங்கே முதல் சுற்றோடு திரும்பினாள். அவ்வளவு பெரிய ஊரில் அவ்வளவு வேகமாக ஓடுகிற பெண்கள் இருக்கிறார்கள் என்பதே அவளுக்குச் சந்தோஷமாக இருந்ததாம். மேற்கொண்டு படிக்கும்போது கைப்பந்துக்கு மாறினாள். பிறகு போலீஸில் சேர்ந்து, அவர்கள் கைப்பந்து அணியில் பல வருஷம் ஆடினாள். டீச்சர் ஓய்வு பெற்ற விழாவில் யூனிஃபார்மோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். என் வாழ்நாளில் நான் உருவாக்கிய ஒரே ஆள் இவள் என்று டீச்சர் மைக்கில் சொன்னார். அக்கா எழுந்து சல்யூட் அடித்தாள். யாருக்கும் அதில் குறையில்லை.

இப்போது அவளும் ஓய்வு பெற்றுக் கரியாலூரில் இருக்கிறாள். போன மாதம் போயிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் மிளகுக் கொடி, முன்னால் கைப்பந்து வலை. சாயந்திரம் ஆனால் சுற்றுவட்டாரப் பெண்கள் வந்துவிடுகிறார்கள், சுற்றுலா வருகிறவர்களுக்குப் படகு விடுகிற இடத்தில் வேலை செய்கிறவர்கள், காட்டில் களை எடுத்துவிட்டு வருகிறவர்கள். ஒருத்தி இடுப்புக் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு ஆடப் போனாள். அக்கா நடுவில் நின்று, யாரும் கேட்காத விதிகளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போனபிறகு, இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் கேட்காத ஒன்றைக் கேட்டேன். அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் உன் அப்பா நிஜமாகவே உன்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று.

அவள் வலையை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். யோசிக்கக்கூட இல்லை.

"அப்பா கூப்ட்டா போவாம? கூடவே போயிருப்பேன்" என்றாள். "வூட்ல போயி எங்கம்மாவ ஒரு தரம் பாத்துட்டு, பந்தயத்துக்குள்ள ஓடியாந்திருப்பேன்."

கரியாலூரிலிருந்து எங்கள் ஊருக்கு எவ்வளவு தூரம் என்று உங்களில் மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.